நிலத்தையும் தோப்பையும் விற்காமல் வைத்திருந்தால் வரியில் என்ன கிடைக்கும்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேருக்கு ஊரில் கொஞ்சம் நிலமோ தோப்போ இருக்கிறது. விற்றுவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா என்ற யோசனையும் கூடவே இருக்கிறது. ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேருக்குப் பத்துத் தடவை போனில் சொல்லி அலுத்துப் போய்த்தான் இதை உட்கார்ந்து எழுதினேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

பிரிவு எண்கள் எல்லாம் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தவை, ஏனென்றால் ஆடிட்டர்களும் வக்கீல்களும் இன்னும் அந்த எண்களில்தான் பேசுகிறார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்துக்கு வந்து எண்கள் மாறுகின்றன.

விவசாய வருமானத்துக்கு வரியே கிடையாதுதானே சார்?

மத்திய அரசின் வருமான வரி கிடையாது. பிரிவு 10(1) அதைத்தான் சொல்கிறது. இதை டெல்லி நமக்குப் போட்ட பிச்சை என்று நினைக்க வேண்டாம். அரசியல் சாசனமே விவசாய வருமானத்துக்கு வரி போடும் அதிகாரத்தை மாநிலப் பட்டியலில் (46ஆவது இனம்) வைத்துவிட்டு, மத்திய அரசுக்கு "விவசாய வருமானம் நீங்கலாக" மற்ற வருமானத்தின் மீது மட்டும்தான் அதிகாரம் கொடுத்திருக்கிறது. பழைய வரிமுறையில் இருந்தாலும் புதிய வரிமுறைக்கு மாறினாலும் இந்த விலக்கு அப்படியே இருக்கும்.

ஆனால் "வரி இல்லை" என்பதும் "கணக்கில் வராது" என்பதும் ஒன்றல்ல. அந்தச் சிக்கலைக் கீழே 12 லட்சம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

நிலம் என் பேர்ல இருக்கு, பட்டா இருக்கு. அது போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: நம் சட்டத்தில் சலுகை நிலத்துக்கு இல்லை, உழவுக்கு. பட்டா என்பது நிலம் யாருடையது என்று சொல்லும். அதில் என்ன விளைந்தது என்று சொல்லாது. நன்செய் என்று பதிவாகி இருபது வருடமாகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் நிலத்தைக் காட்டி "வருடம் நான்கு லட்சம் விவசாய வருமானம்" என்று போட்டால், கேள்வி வரும் நாளில் பதில் இருக்காது.

பட்டாவில் யார் பெயர் என்பதை விட அடங்கலில் என்ன பயிர் என்பதுதான் இங்கே முக்கியம். கிராம நிர்வாக அலுவலர் பசலிக்குப் பசலி (ஜூலை முதல் ஜூன் வரை) பயிர் எழுதுகிறாரே, அதுதான். அதில் "தரிசு" என்று இருந்துவிட்டால் அப்புறம் வாயால் எவ்வளவு உழுதாலும் பயனில்லை.

நான் சென்னையில இருக்கேன், நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கேன். குத்தகைப் பணம் விவசாய வருமானமா?

ஆமாம். இந்தியாவில் இருக்கும், விவசாயத்துக்குப் பயன்படும் நிலத்திலிருந்து வரும் குத்தகையும் வாரமும் (பணத்துக்குப் பதில் விளைச்சலில் வாங்கும் பங்கு) விவசாய வருமானம்தான். நீங்களே சேற்றில் இறங்க வேண்டியதில்லை, யாரோ ஒருவர் இறங்கினால் போதும். விவசாயத்துக்கு விடும் நிலக் குத்தகைக்கு ஜிஎஸ்டியும் இல்லை.

அதே நிலத்தின் மூலையில் செல்போன் கோபுரம் நிற்க இடம் விட்டு வாடகை வாங்கினால் அது விவசாய வருமானம் அல்ல. சோலார் பேனலுக்கு விட்டாலும் அப்படித்தான். தோப்பு வீட்டை வார இறுதிக்கு வாடகைக்கு விடுகிறார்கள் பாருங்கள், அதுவும் கிடையாது. தோப்பு வீடு விவசாய வேலைக்குத் தேவையான குடியிருப்பாகவோ கிடங்காகவோ இருக்கும் வரைக்கும்தான் அதன் வருமானம் விவசாயத்தோடு ஒட்டும்.

மாடு, கோழி, தேனீ, நர்சரி எல்லாம் விவசாயம்தானே?

ஊர்ப் பேச்சில் விவசாயம்தான். வரிச் சட்டத்தில் நர்சரி மட்டும் உள்ளே வரும்: நாற்றங்காலில் வளர்த்த நாற்று, கன்று விற்ற வருமானத்தை விவசாய வருமானமாகவே கொள்ள வேண்டும் என்று சட்டத்தில் தனி விளக்கமே சேர்த்துவிட்டார்கள். பால், முட்டை, கோழி, மீன், தேன் எல்லாம் வெளியே. நிலத்திலிருந்து நேராக வர வேண்டும் என்பது கணக்கு. மாடு உங்கள் நிலத்துப் புல்லைத்தான் தின்கிறது என்ற வாதம் நன்றாக இருக்கிறது, ஆனால் எடுபடாது.

மஞ்சளை வேகவெச்சுக் காயவெச்சு விக்கிறோம். அப்போ அது வியாபாரம் ஆயிடுமா?

ஆகாது. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகிற பதத்துக்கு ஆக்க விவசாயிகள் வழக்கமாகச் செய்கிற வேலை எதுவும் விவசாயத்தின் பகுதிதான். வேகவைப்பது, காயவைப்பது, மெருகேற்றுவது வரை பிரச்சினை இல்லை. ஆனால் தேங்காயை ஆட்டி எண்ணெயாக்கிப் பாட்டிலில் அடைத்துப் பெயர் ஒட்டி விற்றால் இரண்டாகப் பிரிக்க வேண்டும். தேங்காயின் சந்தை விலை வரை விவசாயம், அதற்கு மேல் வருகிற லாபம் வியாபாரம் (விதி 7).

தேயிலை, காபி, ரப்பருக்குப் பிரிப்பதை வரி விதிகளே செய்துவிட்டன. தானே பயிரிட்டுத் தானே தயாரிக்கும் தேயிலையில் 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் வரிக்குரியது. ரப்பரில் 65க்கு 35. காபியைப் பயிரிட்டுப் பதப்படுத்தி மட்டும் விற்றால் 75க்கு 25, வறுத்து அரைத்து விற்றால் 60க்கு 40. நீலகிரியில் பச்சைத் தேயிலையைப் பறித்து அப்படியே தொழிற்சாலைக்குப் போடுகிற சிறு விவசாயிக்கு இந்தப் பிரிவினை இல்லை, முழுவதும் விவசாயமே. இதைத் தெரியாமல் 40 சதவீதத்துக்கு வரி கட்டியவரை நான் பார்த்திருக்கிறேன்.

12 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னாங்களே, எனக்கு மட்டும் ஏன் வருது?

இதுதான் எனக்கு அதிகமாக வரும் போன். சம்பளக்காரர், கழிவு போக வருமானம் 11 லட்சம், ஊரில் நிலத்தில் 5 லட்சம். இரண்டுக்கும் வரி இல்லை என்று நம்பிக்கொண்டிருப்பார். மென்பொருள் 31,200 ரூபாய் கட்டு என்று சொல்லும்.

காரணம் 1973ல் வந்த ஓர் ஏற்பாடு. கே.என். ராஜ் தலைமையிலான குழு 1972ல் சொன்ன யோசனை அது. விவசாய வருமானத்துக்கு நேரடியாக வரி போட அதிகாரம் இல்லை, சரி; ஆனால் மற்ற வருமானத்துக்கு எந்த விகிதத்தில் வரி போடுவது என்று முடிவு செய்யும்போது விவசாய வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கலாம் அல்லவா? அதாவது விவசாய வருமானம் உங்கள் சம்பளத்தை மேல் படிக்குத் தள்ளிவிடும். விவசாயத்தில் நிகரமாக 5,000 ரூபாய்க்கு மேலும், மற்ற வருமானம் அடிப்படை விலக்குக்கு மேலும் (புதிய முறையில் 4 லட்சம்) இருந்தால் இது பொருந்தும்.

2025-26 நிதியாண்டின் புதிய முறைப்படி கணக்கைப் பாருங்கள். இரண்டையும் கூட்டினால் 16 லட்சம், அதற்கு வரி 1,20,000. விவசாய வருமானம் 5 லட்சத்தோடு 4 லட்சத்தைக் கூட்டினால் 9 லட்சம், அதற்கு வரி 30,000. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 90,000. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடி உண்டு, ஆனால் அதன் உச்சம் 60,000. மீதி 30,000, அதன்மேல் 4 சதவீதம் செஸ். நிலம் இல்லாத பக்கத்து மேஜைக்காரர் அதே சம்பளத்துக்கு ஒரு ரூபாயும் கட்டமாட்டார். கோபம் வருவது நியாயம்தான், ஆனால் கணக்கு சரி.

தேக்கு நட்டு 18 வருஷம் ஆச்சு. ஒரே வருஷம் வெட்டினா வரி எகிறிடும், கொஞ்சம் கொஞ்சமா வெட்டலாம்னு சொல்றாங்க. சரியா?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேனாவை எடுத்துப் போட்டுப் பார்த்ததும் தலைகீழாக இருந்தது. நீங்கள் நட்டு, வளர்த்து, பராமரித்த தேக்கு என்பதால் அதன் வருமானம் விவசாய வருமானம். அதற்கு நேர் வரி இல்லை. மேலே சொன்ன படி-தள்ளல் மட்டும்தான். அந்தத் தள்ளலுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது: உங்கள் சம்பளத்தில் 4 லட்சத்துக்கு மேல் உள்ளது முழுவதும் 30 சதவீதப் படிக்குப் போய்விட்டால் அப்புறம் மரம் எத்தனை லட்சத்துக்கு விற்றாலும் அடிப்படை வரி ஏறாது.

சம்பளம் கழிவு போக 15 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாக அதற்கு வரி 1,05,000. அதே வருடம் 20 லட்சத்துக்கு மரம் விற்றால் வரி 3,30,000, அதாவது கூடுதல் 2,25,000. மரத்தை வருடம் 5 லட்சமாக நான்கு வருடம் பிரித்து விற்றால் ஒவ்வொரு வருடமும் வரி 1,70,000, கூடுதல் 65,000. நான்கு வருடத்துக்கு 2,60,000. (செஸ் தனி.) பிரித்து வெட்டுகிறவர்தான் அதிகம் கட்டுகிறார். மற்ற வருமானமும் மரத்தின் மதிப்பும் வேறாக இருந்தால் முடிவும் மாறும், அதனால் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

இதைவிட நல்ல வழி பொறுமை. பணி ஓய்வுக்குப் பிறகு மற்ற வருமானம் அடிப்படை விலக்குக்குள் சுருங்கிய வருடத்தில் வெட்டினால் படி-தள்ளலே கிடையாது. தேக்கு இன்னும் இரண்டு வருடம் நின்றால் பருமன்தான் கூடும்.

எங்க நிலத்துல ஒரு பகுதி காடு. நாங்க எதுவும் நடலை, தானா வளர்ந்தது. அதுல வெட்டி வித்தா?

இங்கேதான் உழவுக்குச் சலுகை என்பதன் கூர்மை தெரியும். 1957ல் ராஜா பினோய் குமார் சகாஸ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த கோடு இன்றைக்கும் நிற்கிறது. உழுவது, விதைப்பது, நடுவது போன்ற அடிப்படை வேலைகள் மண்ணின் மேல் நடந்திருக்க வேண்டும். களை எடுத்தேன், வேலி போட்டேன், காவலுக்கு ஆள் வைத்தேன் என்பதெல்லாம் அந்த அடிப்படை வேலைக்குப் பின்னால் வருபவை. அவை மட்டும் இருந்தால் விவசாயம் ஆகாது. தானாக வளர்ந்த காட்டின் வருமானத்துக்கு 10(1) விலக்கு இல்லை.

யோசித்துப் பார்த்தால் விசித்திரம்தான். காட்டை அழித்து யூகலிப்டஸ் நட்டவருக்கு விலக்கு, காட்டைக் காடாகவே விட்டவருக்கு இல்லை. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனதில் விளைச்சல் இருந்தது, பாதுகாப்பு இல்லை. காட்டுக்குள் வெற்றிடங்களில் கன்று நட்டுப் பராமரிக்கிறீர்கள் என்றால் கன்று வாங்கிய ரசீது, குழி எடுத்த கூலி, எந்தப் பகுதியில் நட்டீர்கள் என்பதன் வரைபடம் எல்லாவற்றையும் தனிக் கோப்பில் வையுங்கள். நட்ட மரம் வேறு, முளைத்த மரம் வேறு என்று காட்ட அதுதான் உதவும்.

வரி தவிர இன்னொன்று: தனியார் காடுகளைக் காக்கும் 1949 சட்டமும், மலைப்பகுதி மரங்களைக் காக்கும் 1955 சட்டமும் தமிழ்நாட்டில் உண்டு. உங்கள் நிலம் அவற்றின் கீழ் வந்தால் சொந்த நிலத்து மரமென்றாலும் அனுமதி இல்லாமல் கோடாரி வைக்க முடியாது. சந்தனம் எந்த நிலத்தில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் வெட்டவோ கொண்டுபோகவோ முடியாது.

விவசாயத்துல நஷ்டம். சம்பளத்துல கழிச்சுக்கலாமா?

முடியாது. வரியில்லாத இடத்தின் நஷ்டம் வரியுள்ள இடத்தில் உதவாது. ஆனால் முந்தைய எட்டு வருட விவசாய நஷ்டத்தைப் பின்னால் வரும் விவசாய வருமானத்தில் கழித்துக்கொண்டு படி-தள்ளலைக் குறைக்கலாம், அந்தந்த வருடத்துக் கணக்கில் நஷ்டம் முறையாகக் காட்டப்பட்டு ஏற்கப்பட்டிருந்தால். தேக்குக்காரர்கள் செலவுக் காலத்தில் கணக்கே காட்டாமல் இருந்துவிட்டு வெட்டும் வருடத்தில் மட்டும் வருகிறார்கள், அப்புறம் "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்கிறார்கள்.

எந்த ஃபாரம்ல காட்டணும்? என்னென்ன ஆதாரம் வேணும்?

விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1 ஆகாது. வியாபாரம் இல்லாத சம்பளக்காரர் ஐடிஆர்-2க்குப் போக வேண்டும். நிகர விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் நிலம் எந்த மாவட்டம், பின்கோடு என்ன, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று கேட்கும். அரை ஏக்கர் மானாவாரியில் ஏழு லட்சம் என்று எழுதுகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டங்கள் என்று நினைக்கிறேன்.

ஆதாரம் என்றால் சிட்டா, அடங்கல், ஒழுங்குமுறை விற்பனைக்கூட ரசீது அல்லது வியாபாரி கொடுத்த பில், உரம் விதை வாங்கிய சீட்டு, கூலிக் கணக்கு. வெறும் பள்ளிக்கூட நோட்டில் தேதி போட்டு எழுதிய கூலிக் கணக்கு கூட உதவியிருக்கிறது. பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள். "எங்க ஊர்ல எல்லாம் ரொக்கம்தான் சார்" என்பார்கள், தெரியும். அப்படியென்றால் விற்ற அன்றே வங்கியில் போட்டுவிடுங்கள். அறுவடை மாதத்தில் விழும் ரொக்கத்துக்கும் மார்ச் 30ல் விழும் ரொக்கத்துக்கும் அதிகாரி கண்ணில் வித்தியாசம் உண்டு.

விவசாய நிலத்தை வித்தா மூலதன ஆதாய வரி கிடையாதுன்னு புரோக்கர் சொல்றாரு?

கிராமப்புற விவசாய நிலத்துக்குத்தான் அது. சட்டத்தின் கண்ணில் அது "மூலதனச் சொத்தே" அல்ல, அதனால் விற்ற லாபத்துக்கு வரி இல்லை. எது கிராமப்புறம் என்பதற்குத் தூரக் கணக்கு. பத்தாயிரமும் அதற்கு மேலும் மக்கள் தொகை உள்ள நகராட்சி எல்லைக்குள் இருந்தால் கிராமப்புறம் அல்ல. எல்லைக்கு வெளியே என்றால், நகராட்சியின் மக்கள் தொகை பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை இருந்தால் 2 கிலோமீட்டர், ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 6 கிலோமீட்டர், பத்து லட்சத்துக்கு மேல் 8 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

தூரத்தைப் பஸ் ரூட்டில் அளக்கக் கூடாது, பறவை பறக்கிற நேர்க்கோட்டில். 2013 நிதிச் சட்டத்தில் இப்படி மாற்றினார்கள். ஊர் மத்தியிலிருந்து அல்ல, நகராட்சி எல்லையிலிருந்து. சட்டத்தில் "நகராட்சி அல்லது வேறு எந்தப் பெயராலும்" என்று இருப்பதால் பெரிய பேரூராட்சிகளையும் உள்ளே வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. எல்லை விரிய விரிய உங்கள் நிலம் நகராமலேயே நகரமாகிவிடும். மாநகராட்சியோடு பக்கத்துக் கிராமங்களைச் சேர்க்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தால், விற்கும் எண்ணம் உள்ளவர்கள் அன்றைக்கே கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. தூரம் பார்ப்பது விற்கும் தேதியில், வாங்கிய தேதியில் அல்ல.

நகரத்துக்குள்ளதான் இருக்கு, ஆனா இன்னும் கீரை போடுறோம். அதைக் காட்டினா விவசாய நிலம் ஆகாதா?

சென்னை மவுண்ட் ரோட்டிலேயே ஓர் இடத்தில் காய்கறி பயிரிட்டுவிட்டு அது விவசாய நிலம் என்று வாதாடினார்கள். 1996ல் ஜெமினி பிக்சர்ஸ் சர்க்யூட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இடம், சுற்றுப்புறம், நிலத்தின் விலை, எதற்காக வைத்திருந்தார்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். விற்பதற்கு முன்னால் மனைப்பிரிவு அனுமதி வாங்கியது, கல் நட்டது எல்லாம் உங்களுக்கு எதிராகப் பேசும். கிராமப்புற நிலமாக இருந்தாலும் நீங்களே மனை மனையாகப் பிரித்து விற்றால் அது ரியல் எஸ்டேட் வியாபாரமாகப் பார்க்கப்படலாம், அப்போது தூரக் கணக்கு காப்பாற்றாது.

அப்போ டவுன் பக்கத்து நிலத்தை வித்துட்டு உள்ளே தள்ளி வேற நிலம் வாங்கினா?

அதற்குத்தான் பிரிவு 54பி. விற்பதற்கு முந்தைய இரண்டு வருடம் நீங்களோ உங்கள் பெற்றோரோ அதில் விவசாயம் செய்திருக்க வேண்டும். விற்ற தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்க வேண்டும். வந்த பணம் முழுவதையும் போட வேண்டியதில்லை, லாபம் எவ்வளவோ அவ்வளவு போட்டால் போதும். கணக்குத் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் வாங்கி முடியவில்லை என்றால் மீதியை மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் வங்கியில் போட்டு வைக்க வேண்டும். சாதாரண வைப்பு நிதியில் போட்டுவிட்டு வருகிறார்கள், அது செல்லாது. புதிய நிலத்தை மூன்று வருடம் விற்கக் கூடாது.

என்னைக் கேட்டால், விளைநிலம் விளைநிலமாகவே இருக்க வேண்டும் என்று நம் வருமான வரிச் சட்டம் கொஞ்சமாவது நினைத்துப் பார்த்த இடம் இது ஒன்றுதான். அதுவும் ஓர் இடத்தில் போனதை இன்னோர் இடத்தில் ஈடுகட்டுவது.

ரோடு போட நிலத்தை எடுத்துக்கிட்டாங்க. இழப்பீட்டுக்கு வரி உண்டா?

நகர்ப்புற விவசாய நிலம் கட்டாயமாக எடுக்கப்பட்டால் 10(37) விலக்கு உண்டு, அதே இரண்டு வருட விவசாய நிபந்தனையோடு. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 96ஆவது பிரிவு இன்னும் விரிவானது, அந்தச் சட்டப்படி கிடைக்கும் இழப்பீட்டுக்கு வருமான வரி இல்லை என்கிறது. 2016ல் நேரடி வரிகள் வாரியமே 36ஆம் எண் சுற்றறிக்கையில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. எந்தச் சட்டத்தின் கீழ் எடுத்தார்கள் என்று தீர்வாணையில் (இழப்பீட்டை நிர்ணயித்துத் தரும் உத்தரவு) இருக்கும், அந்தப் பக்கத்தை முதலில் பாருங்கள். தாமதத்துக்கு வரும் வட்டி தனிக் கதை, அதை இழப்பீட்டோடு கலந்து எழுதாதீர்கள்.

ஊராட்சியா இருந்தது நகராட்சி ஆயிடுச்சு. தோப்புக்குக் காலிமனை வரி போடுவாங்களா?

காலிமனை வரி விவசாயத்துக்கு மட்டுமே பயன்படும் நிலத்துக்கானது அல்ல. நோட்டீஸ் வந்தால் அடங்கலும் புகைப்படமும் வைத்து ஆட்சேபணை மனு கொடுங்கள். "மட்டுமே" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு மூலையில் லாரி நிறுத்த விட்டிருந்தால் அந்த மூலையைப் பற்றிக் கேட்பார்கள்.

மரம் வளர்த்தா கார்பன் கிரெடிட்ல பணம் வருதாமே, அதுக்கும் வரி இல்லைதானே?

உண்டு. 2017 நிதிச் சட்டத்தில் வந்த 115பிபிஜி பிரிவு, கார்பன் கிரெடிட் (கரியமில வாயுவைக் குறைத்ததற்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று) விற்றதில் வரும் தொகைக்கு 10 சதவீத வரி போடுகிறது (செஸ் தனி). செலவு எதையும் கழிக்க முடியாது. இதில் ஒரு நுணுக்கம்: ஐக்கிய நாடுகள் காலநிலை அமைப்பின் சரிபார்ப்பு பெற்ற கிரெடிட்டுக்குத்தான் அந்த 10 சதவீத விகிதம். தனியார் திட்டங்கள் தரும் கிரெடிட் அந்த வரையறைக்குள் வராவிட்டால் 10 சதவீதத்தை எதிர்பார்த்து உட்காராதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கிரெடிட்டை எந்த அமைப்பு பதிவு செய்து தரும் என்று கேளுங்கள், அப்புறம் எத்தனை வருடத்துக்கு மரத்தை வெட்டக் கூடாது என்றும் கேளுங்கள். முப்பது வருட ஒப்பந்தத்தை மூன்று வருடம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட இருந்தவரைக் கடைசி நிமிடத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

அமெரிக்காவுல "கட்டடம் கட்டமாட்டேன்"னு எழுதிக் கொடுத்தா வரி குறையுதாம், பையன் சொன்னான். இங்கே அப்படி இல்லையா?

பையன் சொன்னது உண்மை. கலிபோர்னியாவில் 1965 முதல் ஒரு சட்டம் இருக்கிறது, வில்லியம்சன் சட்டம் என்பார்கள். கவுண்டி நிர்வாகத்தோடு குறைந்தது பத்து வருட ஒப்பந்தம் போட்டு நிலத்தை விவசாயத்திலேயே வைத்திருந்தால், சொத்து வரியை மனை விலைக்கு அல்லாமல் விவசாயப் பயன்பாட்டின் மதிப்புக்குப் போடுவார்கள். கட்டட உரிமையையே நிரந்தரமாக ஒரு பாதுகாப்பு அமைப்புக்கு எழுதிக் கொடுத்தால் அந்த மதிப்பை நன்கொடையாகக் கருதி மத்திய வருமான வரியிலும் கழிவு தருகிறார்கள்.

நம்மிடம் இதற்கு இணையாக எதுவும் இல்லை. காரணமும் இருக்கிறது: அங்கே நிலத்தின் சந்தை விலைக்கு வருடா வருடம் சொத்து வரி, அதைத் தாங்க முடியாமல் விவசாயி விற்றுவிடுகிறார், அதனால் வரியைக் குறைப்பது உண்மையிலேயே நிலத்தைக் காக்கும். இங்கே நிலத்தீர்வை ஒரு நேரக் காப்பிச் செலவு. குறைக்க அதில் என்ன இருக்கிறது? இங்கே விற்கத் தூண்டுவது வரி அல்ல, கூலி, தண்ணீர், பிள்ளைகள் திரும்பி வராதது. ஒரு காலத்தில் இயற்கை வளப் பாதுகாப்பு, காடு வளர்ப்பு வேலை செய்யும் அமைப்புகளுக்குத் தொழில் செய்பவர்கள் கொடுத்த பணத்துக்குக் கழிவு தர 35சிசிபி என்று ஒரு பிரிவு இருந்தது. 2002 மார்ச்சோடு அதுவும் முடிந்துவிட்டது.

காட்டை ஒரு டிரஸ்டுக்கு எழுதி வெச்சுட்டா?

செய்யலாம். தர்ம காரியம் என்பதன் வரையறையிலேயே சுற்றுச்சூழல், நீர்ப்பிடிப்பு, காடு, வனவிலங்குப் பாதுகாப்பு எல்லாம் இருக்கிறது. பதிவு பெற்ற அறக்கட்டளையின் வருமானத்தில் 85 சதவீதமாவது அந்த நோக்கத்துக்குச் செலவாக வேண்டும். ஆனால் எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான், திரும்ப எடுக்க முடியாது. அதன் வருமானத்தில் உங்கள் குடும்பத்துக்குப் பயன் போனால் விலக்கும் போகும். "டிரஸ்ட் பேர்ல இருக்கட்டும், தேங்காய் நம்ம வீட்டுக்கு வரட்டும்" என்று கேட்டவருக்கு நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

சரி, கடைசியா ஒண்ணு. அதே பையன் பேர்ல நிலத்தை இப்பவே செட்டில்மென்ட் எழுதலாமா?

வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் எழுதாதீர்கள். அந்நியச் செலாவணி விதிகளின்படி அவரால் இந்தியாவில் விவசாய நிலத்தையோ தோட்டத்தையோ பண்ணை வீட்டையோ வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. செட்டில்மென்ட் என்பது தானம்தான். வாரிசாக மட்டும் அடையலாம். ஆகவே உயில் எழுதி வையுங்கள், நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், அடங்கலில் பயிர் விடாமல் ஏறட்டும். பின்னால் அவர் கைக்கு வந்த பிறகு குத்தகை வருமானத்துக்கு இங்கே விலக்கு தொடரும். ஆனால் அமெரிக்கா தன் குடிமக்களிடமும் குடியிருப்பவர்களிடமும் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் வரி கேட்கும், நம்முடைய 10(1) அங்கே செல்லாது. அங்கே கணக்குப் போடுபவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.